லுக்கேமியாவில் சிறுநீரகம் என்சைமை வெளியேற்றுகிறதா, தின்று தீர்க்கிறதா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமனாருக்கு 71 வயது. மோனோசைட் என்னும் வெள்ளை அணு பெருகும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், டாக்டர்கள் சி.எம்.எம்.எல். என்று எழுதுவது. ரிப்போர்ட்டில் ரத்தத்தில் லைசோசைம் என்ற என்சைம் லிட்டருக்கு 68 மில்லிகிராம், எல்.டி.எச். என்ற இன்னொரு என்சைம் 640, கிரியேட்டினின் 1.7, பொட்டாசியம் 2.9. சிறுநீர் ஸ்ட்ரிப்பில் புரதம் "ட்ரேஸ்", அதாவது இருந்தும் இல்லாத மாதிரி. ஆனால் 24 மணி நேரம் பிடித்துவைத்த சிறுநீரில் புரதம் 1.1 கிராம், அதில் பெரும்பங்கு லைசோசைம். அவருடைய சந்தேகங்கள் மூன்று. ரத்தத்தில் சேரும் என்சைம்களைச் சிறுநீரகம்தானே வடிகட்டி வெளியே தள்ளுகிறது? சிறுநீரில் லைசோசைம் நிறையப் போகிறது என்றால் நல்லதுதானே? எல்.டி.எச். மட்டும் ஏன் இறங்க மறுக்கிறது?

நான் மருத்துவன் இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன். மருந்து மாத்திரை பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

முதலில் ஒரு நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். யூரியா, கிரியேட்டினின் போன்றவற்றைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. என்சைமை அப்படித் தள்ளுவதில்லை. வடிகட்டி உள்ளே இழுத்து, தன் செல்லுக்குள் வைத்துச் செரித்து, அமினோ அமிலங்களாக உடைத்து, மறுபடி ரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவருடைய சிறுநீரில் லைசோசைம் அநேகமாக இருக்காது, ஆனால் அவருடைய சிறுநீரகம் நாள் முழுக்க அதைத் தின்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே சிறுநீரில் அது கிராம் கணக்கில் வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது. சாப்பிடச் சாப்பிட இலையில் விழுந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இலையை விட்டு வழியும் இல்லையா, அந்த நிலை அது.

இதை அளவோடு பார்த்தால்தான் புரியும். எல்லாமே அளவு விஷயம்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்ப் பந்து. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். நாம் சிறுநீராகக் கழிப்பது ஒன்றரை லிட்டர் போல. மீதி அத்தனையும் குழல்கள் வழியாகத் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. குளோமெருலஸ் என்னும் சல்லடை ஒரு மூலக்கூறை விடுமா, விடாதா என்பதை முக்கியமாக அதன் பருமன் தீர்மானிக்கிறது. மின்னேற்றத்துக்கும் வடிவத்துக்கும் ஓரளவு பங்கு உண்டு. ரத்தத்தின் பிரதான புரதமான ஆல்புமினின் எடை சுமார் 66,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). அது அநேகமாகத் தாண்டுவதில்லை. லைசோசைம் 15,000 டால்டனுக்கும் சற்றுக் குறைவு. அது தாண்டிவிடும். எல்.டி.எச். நான்கு துண்டுகள் சேர்ந்த பெரிய உருப்படி, சுமார் 1,40,000 டால்டன். ஆல்புமினே போகாத வழியில் அதைப்போல் இரண்டு மடங்கு பருமனானது எப்படிப் போகும்? உங்கள் மூன்றாவது சந்தேகத்தில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். எல்.டி.எச்.சை இறக்குவது சிறுநீரகத்தின் வேலையே இல்லை. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

பருமன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அமிலேஸ். கணையத்திலிருந்தும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வருவது, சுமார் 55,000 டால்டன். சல்லடையின் ஓரத்தில் நிற்கும் அளவு. கொஞ்சம் போகும், கொஞ்சம் நிற்கும். சிலருக்கு இந்த அமிலேஸ் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு பெரிய உருண்டையாகிவிடும். உடனே அது சல்லடையைத் தாண்ட முடியாமல் ரத்தத்திலேயே தேங்கும். ரத்தத்தில் அமிலேஸ் ஏறி, சிறுநீரில் குறைந்திருக்கும். கணையத்தில் எந்தக் கோளாறும் இருக்காது. இது தெரியாமல் கணைய வீக்கம் என்று ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுத்து அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, லைசோசைமுக்கு வருவோம். நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் மூக்குச் சளியிலும் இருக்கும் என்சைம் இது. பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கரைக்கும். 1921இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஜலதோஷத்தோடு இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் மூக்குச் சளியைப் பாக்டீரியா வளர்த்த தட்டில் வைத்துப் பார்த்தார். சளியைச் சுற்றி பாக்டீரியா கரைந்து போயிருந்தது. மறுவருடம் அதை வெளியிட்டார். பென்சிலினுக்கு ஆறேழு வருடம் முந்திய கதை. அப்புறம் கூட வேலை செய்தவர்களை எல்லாம் எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் விட்டு அழவைத்துக் கண்ணீர் சேகரித்தாராம். கோழி முட்டையின் வெள்ளைக்கருவிலும் இது ஏராளம். 1965இல் டேவிட் பிலிப்ஸ் குழு எக்ஸ்-கதிர்களால் முழு முப்பரிமாண வடிவம் கண்ட முதல் என்சைமும் இந்த முட்டை லைசோசைம்தான்.

ரத்தத்தில் இது எங்கிருந்து வருகிறது? நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள், திசுக்களில் உட்கார்ந்து குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் ஆகியவற்றிலிருந்து. இவற்றில் மோனோசைட் குடும்பத்துக்கு ஒரு பழக்கம்: லைசோசைமைச் சேமித்துவைப்பதோடு நிற்காமல் ஓயாமல் வெளியே கசியவிட்டுக்கொண்டே இருக்கும். லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களிடம் இந்த வேலை கிடையாது. அதனால்தான் குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவில் லைசோசைம் ஏறுவதில்லை. பல சமயம் சாதாரணத்தைவிடக் குறைந்தே இருக்கும், ஏனென்றால் எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபிலுக்கு இடமே இல்லாமல் போயிருக்கும். மோனோசைட் வகைகளிலோ எகிறிவிடும். கடும் மைலாய்டு லுக்கேமியாவை எம்-0, எம்-1 என்று வரிசைப்படுத்திய பழைய முறையில், எம்-4 (மோனோசைட் கலந்த வகை) என்று முடிவுகட்ட லைசோசைம் சாதாரணத்தைப்போல் மூன்று மடங்கு இருப்பதும் ஓர் அளவுகோலாக 1985 திருத்தத்தில் சேர்ந்தது. இன்று ஃப்ளோ சைட்டோமெட்ரியும் மரபணுச் சோதனைகளும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. உங்கள் மாமனாருக்கு லைசோசைம் பார்த்ததே எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். அந்த டாக்டர் பழைய பள்ளியாக இருக்கவேண்டும்.

இந்தத் தொடர்பை உலகுக்குச் சொன்னவர்கள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலியட் ஆசர்மனும் டோலரெஸ் லாலரும், 1966இல். ஆசர்மனுக்கு மையலோமா (ஆன்டிபாடி சுரக்கும் செல்களில் வரும் புற்றுநோய்) நோயாளிகளின் சிறுநீர்ப் புரதங்களில்தான் ஈடுபாடு. மோனோசைட் லுக்கேமியா நோயாளிகளின் சிறுநீரை எலெக்ட்ரோஃபோரெசிஸ் செய்தபோது, அதாவது மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பிரித்தபோது, மற்றப் புரதங்களை எல்லாம் தாண்டி எதிர்மின்முனைப் பக்கம் ஓடி நின்ற ஒரு பட்டை தெரிந்தது. ஆன்டிபாடித் துண்டு என்று நினைக்கத் தோன்றும் இடம். ஆனால் அது ஆன்டிபாடி எதிலும் சேரவில்லை. கலங்கலான பாக்டீரியா நீரில் விட்டுப் பார்த்தால் நீர் தெளிந்தது. லைசோசைம்! அந்த நோயாளிகளின் சிறுநீரில் அது எவ்வளவு இருந்ததென்றால், மனித லைசோசைமைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கவும், அதன் 130 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டுபிடிக்கவும் லுக்கேமியா நோயாளிகளின் சிறுநீரே மூலப்பொருளானது. நம் கண்ணீரில் இருக்கும் ஒரு புரதத்தின் விலாசம் தெரிந்தது அந்த நோயாளிகள் தந்த சிறுநீரால்.

அந்தப் பட்டையை இன்றும் ஆய்வகங்களில் மையலோமா என்று தவறாகப் படிக்கும் ஆபத்து இருக்கிறது. இம்யூனோஃபிக்சேஷன் (பட்டையில் இருப்பது ஆன்டிபாடியா என்று பார்க்கும் சோதனை) செய்து அதில் எதுவும் ஒட்டவில்லை என்றால், மோனோசைட் எண்ணிக்கையைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

இப்போது சிறுநீரகத்தின் சமையலறைக்குள் போகலாம். சல்லடையைத் தாண்டிய லைசோசைம் குழலின் முதல் வளைவுப் பகுதிக்கு வருகிறது. அங்குள்ள செல்களின் உள்விளிம்பில் தூரிகை முடிபோல் நெருக்கமான நீட்சிகள். அவற்றின் அடியில் மெகாலின், கியூபிலின் என்ற இரு ஏற்பிகள் காத்திருக்கின்றன. மெகாலின் பெயருக்கேற்றபடி பிரம்மாண்டம், சுமார் 6,00,000 டால்டன். நேர்மின்னேற்றம் உள்ள புரதங்கள்மேல் அதற்குத் தனிப் பிரியம். லைசோசைமோ நேர்மின்னேற்றம் மிக அதிகமுள்ள புரதம். ஏற்பி அதைப் பிடிக்கும், செல்லின் சவ்வு உள்நோக்கி மடிந்து ஒரு பையாகும், பை லைசோசோமோடு சேரும், அங்குள்ள அமிலத்திலும் செரிமான என்சைம்களிலும் லைசோசைம் துண்டு துண்டாகும். லைசோசைம் வேறு, லைசோசோம் வேறு. முன்னது என்சைம், பின்னது செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பை. ஒரு எழுத்து வித்தியாசத்தில் முதலாண்டு மாணவர்கள் மதிப்பெண் இழப்பது வருடாவருடம் நடக்கும்.

இந்த வேலை எவ்வளவு வேகம்? டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 1972இல் கதிரியக்க அயோடின் ஏற்றிய மனித லைசோசைமை ஊசியில் செலுத்தி அளந்தார்கள். பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒவ்வொரு மணி நேரமும் அகற்றப்படுகிறது என்று வந்தது. சிறுநீரகம் அகற்றப்பட்டவர்களிடம் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துபோனது. ஒரு கணக்குப் போடுவோம். பிளாஸ்மா 3 லிட்டர், லைசோசைம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்று வைத்தால், எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருப்பது வெறும் 24 மில்லிகிராம். அதில் முக்கால் பங்கு மணிக்கு அகன்றால் மணிக்கு 18, நாளுக்கு 432 மில்லிகிராம். ரத்தத்தின் அளவு மாறாமல் நிற்கிறது என்றால் உடல் அவ்வளவையும் அன்றாடம் புதிதாக உற்பத்தி செய்கிறது, சிறுநீரகம் அவ்வளவையும் அன்றாடம் தீர்க்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் நாம் பார்க்கும் சின்ன எண்ணுக்குப் பின்னால் இந்த ஓட்டம் இருக்கிறது.

அதே கணக்கை உங்கள் மாமனாருக்குப் போடுங்கள். 68ஐ 3ஆல் பெருக்கினால் 204 மில்லிகிராம். சிறுநீரகம் முழுத் திறனில் இருந்திருந்தால் நாளுக்கு மூன்றரை கிராமுக்குமேல் குழல்களில் வந்து விழும். கிரியேட்டினின் 1.7 என்பதால் சல்லடை பாதித் திறனுக்கும் கீழே இருக்கலாம், ஆக ஒன்றரை கிராம் அளவில் விழுகிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். அதில் பெரும்பகுதி தின்னப்படாமல் சிறுநீரில் வந்துவிடுகிறது. கணக்கு ஓரளவு பொருந்துகிறது. இது தோராயம்தான், இதைக்கொண்டு யாரும் சிகிச்சை முடிவு எடுக்க வேண்டாம்.

ஏற்பிகளுக்கு ஒரு எல்லை உண்டு. ரத்த அளவு கொஞ்சம் ஏறினால் குழல் செல்கள் கூடுதலாக வேலை செய்து சமாளித்துவிடும், சிறுநீர் சுத்தமாகவே இருக்கும். சில மடங்கு ஏறியபிறகுதான் வழியத் தொடங்கும். சர்க்கரை நோயில் ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்வரை சிறுநீரில் சர்க்கரை வராமல் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே மாதிரி வாசற்படி இங்கேயும்.

இதனால் ரத்த எண்ணையும் சிறுநீர் எண்ணையும் சேர்த்தே படிக்கவேண்டும். இரண்டும் உயர்ந்திருந்தால் உற்பத்தி வெள்ளம், குழல் வழிகிறது. ரத்தத்தில் மட்டும் ஓரளவு உயர்ந்து சிறுநீரில் இல்லையென்றால், ஒன்று உற்பத்தி கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது சல்லடை மந்தமாகியிருக்கும். சார்காய்டோசிஸ், காசநோய் போன்றவற்றிலும் இப்படி ஏறும், ஆகவே லைசோசைம் உயர்ந்தாலே லுக்கேமியா என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. மூன்றாவது ஒரு நிலை உண்டு, எனக்கு அதுதான் மிகச் சுவையானது: ரத்தத்தில் சாதாரணம், சிறுநீரில் நிறைய. அப்போது குற்றவாளி குழல். வழக்கமாக வரும் சாப்பாட்டைக்கூடச் சாப்பிட முடியாமல் அது படுத்துவிட்டது. காட்மியம் நஞ்சேறிய தொழிலாளர்களிடம் இப்படிப் பார்க்கலாம்.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் சாதாரண அளவு மாறுவது பற்றி ஒரு வார்த்தை. பழைய முறையில் முட்டை லைசோசைமை அளவுகோலாக வைத்தார்கள். மனித லைசோசைம் அதைப்போல் சில மடங்கு வேகமாக பாக்டீரியாவைக் கரைக்கும். அதனால் பழைய எண்கள் பெரிதாகத் தெரியும். இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்து ஏறிவிட்டது, இறங்கிவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டாதீர்கள்.

ஸ்ட்ரிப்பில் "ட்ரேஸ்", 24 மணி நேரச் சிறுநீரில் 1.1 கிராம் என்ற முரண் உங்களைக் குழப்பியிருக்கிறது. லேப் தப்புச் செய்யவில்லை. அந்தக் காகிதப் பட்டையின் நிறம் மாறுவது பெரும்பாலும் ஆல்புமினுக்குத்தான். லைசோசைம், மையலோமாவின் லேசான சங்கிலிகள் (ஆன்டிபாடித் துண்டுகள்) போன்ற சின்னப் புரதங்களை அது கண்டும் காணாமல் விட்டுவிடும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் எல்லாப் புரதமும் சேர்ந்து கலங்கும். எங்கள் காலத்தில் எப்போதும் கைவசம் இருந்த சோதனை அது, இப்போது பல இடங்களில் பாட்டிலே கிடையாது. மோனோசைட் லுக்கேமியா உள்ளவருக்கு ஸ்ட்ரிப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சிறுநீரில் புரதம் இல்லை என்று சொல்வது போதாது. மொத்தப் புரதத்தையும் ஆல்புமினையும் தனித்தனியே கேட்டு வாங்கவேண்டும். முன்னது மிக அதிகம், பின்னது கொஞ்சம் என்றால் சல்லடை கிழியவில்லை, வழிந்துதான் வருகிறது என்று தெரியும்.

இனி, எல்லாவற்றையும்விட நீங்கள் கவனிக்கவேண்டியது: பொட்டாசியம் 2.9.

வழிவதோடு நின்றால் பரவாயில்லை. அளவுக்கு மீறித் தின்ற குழல் செல்லுக்கே கேடு வருகிறது. பயாப்சியில் பார்த்தால் முதல் வளைவுக் குழல் செல்கள் முழுக்கச் சிவப்புத் துகள்கள் அடைந்திருக்கும்; லைசோசைமுக்கான சாயம் போட்டால் அவை பளிச்சென்று பிடிக்கும். இதற்கு லைசோசைம் நெஃப்ரோபதி என்று பெயர். கிரியேட்டினின் மெல்ல ஏறும். ஆசர்மனின் சகாக்கள் 1969இலேயே, லைசோசைம் சிறுநீரில் போகும் இந்த நோயாளிகளுக்குக் குழல் கோளாறும் பொட்டாசிய இழப்பும் சேர்ந்து வருவதை எழுதினார்கள். சிலருக்குப் பொட்டாசியத்தோடு பாஸ்பேட், யூரிக் அமிலம், மக்னீசியம் எல்லாம் ஒழுகும். லுக்கேமியாவில் யூரிக் அமிலம் ஏறியிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். அது குறைந்திருந்தால் குழல் ஒழுகுகிறதோ என்று நான் சந்தேகப்படுவேன். மக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. டாக்டரிடம் மக்னீசியம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

ஆனால் அதற்கு முன்னால் அந்த 2.9 நிஜமா என்று பார்க்கவேண்டும். வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக உள்ள ரத்தத்தைக் குழாயில் எடுத்து, வெயிலில் ஆட்டோவில் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து லேபுக்குக் கொண்டுபோனால், அந்த அணுக்கள் குழாய்க்குள்ளேயே பொட்டாசியத்தை உறிஞ்சிவிடும். உடம்பில் சரியாக இருப்பது ரிப்போர்ட்டில் குறைந்து தெரியும். நேர்மாறாகவும் நடக்கும்: லுக்கேமியா செல்கள் எளிதில் உடைபவை, குழாயைக் குலுக்கினாலோ காற்றழுத்தக் குழாய் வழியாக விசையாக அனுப்பினாலோ உடைந்து பொட்டாசியத்தைக் கொட்டிவிடும், ரிப்போர்ட்டில் பயங்கரமாக ஏறித் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நோயாளிக்கு 7.8 வந்து, வார்டில் எல்லாரும் ஓடி, ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றுமில்லை. கையாலேயே மெதுவாகக் கொண்டுவந்த இரண்டாவது மாதிரியில் 4.1. எடுத்தவுடன் கையோடு கொண்டுபோய்ப் பிரித்து அளந்தால்தான் நம்பலாம். உங்கள் மாமனாரின் விஷயத்தில் சிறுநீரில் பொட்டாசியம் எவ்வளவு போகிறது என்று அளந்தால் நிஜ இழப்பா, குழாய் செய்த வித்தையா என்று தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. லைசோசைம் நுழையும் அதே மெகாலின் கதவு வழியாகத்தான் ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளும் குழல் செல்லுக்குள் போய்த் தேங்கிக் கெடுக்கின்றன. லுக்கேமியா நோயாளிக்குக் காய்ச்சல் வரும், இந்த மருந்துகள் தேவைப்படும் நேரமும் வரும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசினும் பொட்டாசியத்தைக் கசியவிடும். வேண்டாம் என்று நீங்கள் மறுக்கக்கூடாது. ஆனால் கொடுப்பவருக்கு லைசோசைம் கதை தெரிந்திருக்கவேண்டும், அதனால் அந்த ரிப்போர்ட்டை ஃபைலின் மேலே வையுங்கள். கால் வலி, மூட்டு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக் வகையறாக்களை அவர் தொடவே கூடாது. அதைக் கேட்காமலே சொல்லிவிடலாம்.

மூன்றாவது சந்தேகத்தின் மீதிப் பாதி, எல்.டி.எச். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் என்சைம் இது. செல் செத்தால் கொட்டும். லுக்கேமியாவில் செல்கள் பெருகும் வேகத்துக்குச் சாகவும் செய்யும், அதனால் ஏறும். சல்லடை தாண்டாத இதை யார் அகற்றுகிறார்கள்? கல்லீரல், மண்ணீரல் முதலிய இடங்களில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள். இது எலிகளால் தெரியவந்த விஷயம். 1960இல் வெர்னன் ரைலியும் அவர் கூட்டாளிகளும் புற்றுக்கட்டி ஏற்றிய எலிகளின் ரத்தத்தில் எல்.டி.எச். ஐந்து முதல் பத்து மடங்கு ஏறியிருப்பதைப் பார்த்தார்கள். கட்டியால்தான் என்று நினைப்போம். பார்த்தால், கட்டியோடு ஒட்டிவந்த ஒரு வைரஸ். கட்டியே இல்லாத எலிக்கு அந்த வைரஸை மட்டும் கொடுத்தாலும் அதே ஏற்றம். வைரஸ் எந்தச் செல்லையும் பெரிதாக உடைத்து எல்.டி.எச்.சைக் கொட்டவைக்கவில்லை, அதை வாரி அகற்றும் மேக்ரோஃபேஜ்களில் ஒரு கூட்டத்தை அழித்துவிட்டது. குப்பை கூடவில்லை, தெருக்கூட்டுபவர் வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வால் உண்டு. லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவின் முக்கிய மருந்தான அஸ்பராஜினேஸ் தானே ஒரு என்சைம், அதுவும் சுமார் 1,40,000 டால்டன். 1953இல் கினிப்பன்றியின் சீரம் எலிகளின் லிம்ஃபோமாவைக் கரைத்தது என்று கிட் என்பவர் கண்டதிலிருந்து பிறந்த மருந்து. ரைலியின் வைரஸ் பிடித்த எலிகளில் அஸ்பராஜினேஸும் நெடுநேரம் ரத்தத்தில் தங்கியது, லுக்கேமியாவை நன்றாகவே அடித்தது. எல்.டி.எச்.சை அகற்றும் அதே கைதான் இதையும் அகற்றுகிறது என்று புரிந்தது. சாதாரண அஸ்பராஜினேஸின் அரை ஆயுள் ஒன்றேகால் நாள் போல. பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் போர்த்தி மேக்ரோஃபேஜின் கண்ணிலிருந்து மறைத்த வடிவம் ஐந்தரை நாள் நிற்கிறது. சிறுநீரகம் பழுதான குழந்தைக்கும் இந்த மருந்தின் அளவை அதற்காகக் குறைப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுவே: சிறுநீரகத்துக்கு அதில் வேலையில்லை.

உங்கள் மாமனாருக்குத் திரும்புவோம். அவருடைய எல்.டி.எச். இறங்குவது நோய் அடங்குவதைப் பொறுத்தது. தண்ணீர் நிறையக் குடித்தால் கழுவிக்கொண்டு போகுமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். யூரிக் அமிலத்துக்கு நீர் உதவும், செல்கள் மொத்தமாக உடையும் சிகிச்சைக் காலத்தில் அது முக்கியமும்கூட. லைசோசைமுக்கு உதவாது. சிறுநீரின் கொள்ளளவு கூடும், தின்னும் வேகம் கூடாது. அவருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை இதயத்தையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். நெருஞ்சிமுள் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு என்று உறவினர் யாராவது கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கி ஓரமாக வையுங்கள். பொட்டாசியம் ஊசலாடுகிற ஆளுக்கு, அளவு தெரியாத பொட்டாசியம் உள்ள சாறு எதுவும் வேண்டாம்.

டயாலிசிஸ் செய்தால் என்சைம் போய்விடுமா என்பதற்கும் சல்லடைக் கணக்கேதான் பதில். யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் நன்றாகப் போகும். லைசோசைம் அளவுள்ளவை சாதாரணச் சவ்வில் போகாது, பெரிய துளைச் சவ்வில் ஓரளவு போகும். எல்.டி.எச். எதிலும் போகாது. ஆனால் குழாய் உடைந்து வீடு நிரம்பும்போது வாளியில் இறைப்பதைவிட மெயின் வால்வை மூடுவது முக்கியம். இங்கே வால்வு என்பது மோனோசைட் உற்பத்தி. ஹைட்ராக்சியூரியாவோ அசாசிட்டிடினோ வேறெதுவோ, எது என்பது ரத்தவியல் டாக்டரின் தீர்மானம். நோய் கட்டுப்பட்டபின் கிரியேட்டினின் இறங்கிய நோயாளிகள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. குழலில் தழும்பு விழுவதற்கு முன் பிடித்தால் வாய்ப்பு கூடுதல், அதனால் ரத்தவியலும் சிறுநீரகவியலும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். தனித்தனி ஊரில் தனித்தனி ஃபைலாக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் ஒருவர் கையில் கொடுப்பது உங்கள் வேலை.

சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் லைசோசைம் இன்னும் ஏறினால் பதறாதீர்கள். உடையும் செல்கள் தங்களிடம் இருப்பதைக் கொட்டுகின்றன. பிறகு இறங்கும்போது ஒரு வரிசை இருக்கும்: ரத்த அளவு இன்னும் சாதாரணத்துக்கு மேலே இருக்கும்போதே சிறுநீரில் லைசோசைம் நின்றுவிடும், ஏனென்றால் வாசற்படிக்குக் கீழே வந்ததுமே குழல்கள் மறுபடி முழுவதையும் தின்னத் தொடங்கிவிடும். ரத்தம் இறங்கியும் சிறுநீரில் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், மேலே சொன்ன மூன்றாவது நிலை. அந்த இரண்டு ரிப்போர்ட்டுகளும் கையில் வந்ததும் சிறுநீரக டாக்டரிடம் காட்டுங்கள்.